நைலை அடக்க எண்ணியவர்

ஒளியியலின் முன்னோடி என்று இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்களை நாம் அறிவோம். அவர்கள் தோற்றுத் திரும்பிய ஒரு பயணத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்த அவர்கள், தாம் எகிப்தில் இருந்தால் நைல் நதி பெருகினாலும் வற்றினாலும் மக்கள் பயனடையும்படி செய்துவிடலாம் என்று கூறியதாக வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். வெள்ளம் குறைந்தால் பஞ்சமும் மிகுந்தால் அழிவும் கண்ட நாடு எகிப்து. செய்தி பாத்திமிய ஆட்சியாளர் அல்ஹாகிமின் செவிக்கு எட்டியது. பொருள் அனுப்பி வரவழைத்தார். கெய்ரோவுக்கு வெளியே வந்து தாமே வரவேற்றார். வேலையாட்களுடன் தெற்கே அனுப்பியும் வைத்தார்.

வழியெங்கும் பழங்கால எகிப்தியரின் கட்டடங்கள் நின்றன. அவற்றின் அளவும் நுட்பமும் வடிவக் கணிதத் தேர்ச்சியும் அறிஞரைச் சிந்திக்க வைத்தன. இத்தனை அறிந்தவர்கள் நைலை அடக்க முடிந்திருந்தால் விட்டுவைத்திருப்பார்களா? அஸ்வானுக்குத் தெற்கே அல்ஜனாதில் என்னும் இடத்தை அடைந்து, நதியை இருபுறமும் ஆராய்ந்தபோது ஐயம் உறுதியாயிற்று. வெட்கத்துடன் திரும்பி, இயலவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களின் எண்ணம் வீண் கனவன்று. அதே அஸ்வானில் 1902இல் ஓர் அணையும், 1970இல் 111 மீட்டர் உயரமுள்ள பேரணையும் எழுந்தன. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் கருவிகளுக்கும் ஆட்பலத்திற்கும் அது எட்டாதது. பஸராவில் அமர்ந்து சிந்தித்தபோது தெரியாதது, ஆற்றை நேரில் கண்டபோது தெரிந்தது.

அல்ஹாகிம் அந்த விளக்கத்தை ஏற்று அரசுப் பதவி ஒன்றையும் அளித்தார். எனினும், அற்பக் காரணத்திற்கும் உயிர் பறிப்பவர் என்று பெயர் பெற்ற ஆட்சியாளரிடம் அந்தப் பதவி நிம்மதி தருமா? அறிஞர் பித்துப் பிடித்தவர்போல் நடித்தார்கள். உடைமைகள் முடக்கப்பட்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். இந்த நடிப்பு நமக்கு உவப்பில்லாமல் இருக்கலாம். அந்த அரசவையில் பணிபுரிந்து மாண்டவர்களை எண்ணிப் பார்த்தால் குறைகூற மனம் வரவில்லை.

ஹிஜ்ரி 411இல் (கி.பி. 1021) அல்ஹாகிம் மறைந்த பின்னரே விடுதலை கிடைத்தது. அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே குடியிருந்து, கணித நூல்களைத் தம் கையால் படியெடுத்து விற்றார்கள். ஆண்டுக்கு மூன்று நூல்கள். அவற்றால் கிடைத்த 150 தீனாரே அவர்களின் அவ்வாண்டுச் செலவுக்குப் போதுமானதாக இருந்தது.