கேமரன் மலையில் நடந்தவர்கள்

கேமரன் மலையின் காட்டுப்பாதைகளுக்கு எண்கள் உண்டு. தானா ராத்தாவில் தங்கும் விடுதிகளில் கேட்டால் ஒரு வரைபடம் தருவார்கள். ஒன்றாம் பாதை பிரிஞ்சாங் மலைக்கு ஏறுகிறது. நான்காம் பாதை பாரிட் அருவியைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒன்பதாம் பாதை ராபின்சன் அருவிக்கு இறங்கி, அதன் கிளை ஒன்று தேயிலைத் தோட்டத்துச் சாலையில் போய் முடிகிறது. பத்தாம் பாதை ஜாசார் மலைக்கு. இப்படிப் பதினான்கு வரை எண்ணலாம். சில பாதைகள் அடைந்துவிட்டன, சில பாதைகளைக் காய்கறித் தோட்டங்கள் விழுங்கிவிட்டன. ஆனாலும் எண்கள் இருக்கின்றன.

தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் பாதைகள் உண்டு. ஒரு வரிசைச் செடிக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே, ஓர் ஆள் இடுப்பை ஒடுக்கி நுழையும் அகலத்தில், சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. எண் கிடையாது. புகைப்படங்களில் அவை பச்சைக் கம்பளத்தில் சீப்பு இழுத்த கோடுகள் போலத் தெரியும். கேமரன் மலை என்றதும் எல்லாருக்கும் நினைவு வருகிற படமே அதுதான். அந்தக் கோடுகளில் தினமும் நடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் பெண்கள் அதிகம்.

ஒன்று பொழுதுபோக்கு நடை, இன்னொன்று கூலிக்கான நடை. இரண்டையும் தனித்தனிக் கதைகளாகச் சொல்வதுதான் வழக்கம். ஒரே மலையில், ஒரே காலத்தில் நடந்ததை ஒரே கதையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அதற்கு எனக்கு ஒரு கேள்வி போதும்: வயதான பிறகு மலையில் சும்மா நடக்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது?

வெள்ளைக்காரர்கள் குளிரைத் தேடிப் போன கதை ஊட்டியிலிருந்தே நமக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜான் சலிவன் நீலகிரியில் வீடு கட்டி உருளைக்கிழங்கும் பூச்செடிகளும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் வேட்டை நாய்களை வளர்த்து, இங்கிலாந்தில் நரியைத் துரத்துவது போல வென்லாக் புல்வெளிகளில் குள்ளநரியைத் துரத்தினார்கள். இலங்கையில் 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், துப்பாக்கியும் வேட்டை நாயுமாகக் கழித்த நாட்களைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். பனி விழும் இடமாக இருந்தால் பனிச்சறுக்கு. காஷ்மீரின் குல்மார்க்கில் 1927இல் ராணுவ அதிகாரிகள் அதற்கென ஒரு மன்றம் தொடங்கினார்கள். பனி விழாத மலையில் கோல்ஃப், குதிரை, நீண்ட நடை, கூட ஒரு நாய். மாலையில் குளிர் காய ஒரு கணப்பு. எங்கே போனாலும் தங்கள் ஊர்க் குளிர்காலத்தின் ஒரு துண்டைச் செய்துகொள்வார்கள்.

மலாயாவில் அந்தத் துண்டு கிடைக்கக் கொஞ்சம் தாமதமானது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன், குலோப் ரியாவ் என்ற மலாய்க்காரரின் துணையோடு யானைகளுடன் போய், மலைகளுக்கு நடுவே ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். ஆனால் இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டே இறந்தும் போனார். மலைக்குக் கேமரனின் பெயர் நிலைத்தது. குலோப் ரியாவ் யார் என்று இன்று கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த செமாய் பூர்வகுடிகளுக்கு அந்த மேட்டுநிலம் ஒரு கண்டுபிடிப்பே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்தபிறகுதான் அரசாங்கம் அசைந்தது. தாப்பாவிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர் வளைந்து ஏறும் சாலை 1931இல் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோல்ஃப் மைதானம், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி, 1937இல் ஆங்கிலக் கிராமத்து வீடு மாதிரியே கட்டப்பட்ட ஸ்மோக்ஹவுஸ் விடுதி என்று ஒவ்வொன்றாக வந்தன. அதுவரை மலாயாவின் வெள்ளை அதிகாரி பணிக்காலம் முடிந்ததும் கப்பலேறி ஊருக்குப் போய்விடுவார். இந்த மலையில் அவர் தங்கலாம், சிறு பண்ணை வைத்துக்கொள்ளலாம், முதுமையை இங்கேயே கழிக்கலாம் என்ற எண்ணமும் திட்டத்துக்குள் இருந்தது. அதாவது கேமரன் மலை முதியவர்களையும் மனத்தில் வைத்துத்தான் உருவாக்கப்பட்டது. எந்த முதியவர்கள் என்பதுதான் விஷயம்.

சாலை முடிவதற்கு முன்பே, 1929இல், ஜே.ஏ. ரஸ்ஸல் தேயிலை பயிரிட நிலம் பெற்றார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் அவரோடு சேர்ந்துகொண்டார். அதுதான் போ தோட்டம். 1933இல் பாரத் தேயிலையும் தொடங்கியது. போ தோட்டத்தின் தொடக்கக் கதையில் ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்கள் என்று ஒரு பட்டியல் வரும். முதலாளிக்குப் பெயர் உண்டு, உருளைக்கு எண்ணிக்கை உண்டு. தொழிலாளர்களுக்கு இரண்டும் கிடையாது.

அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். கங்காணி கூட்டிவந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மேலே ஏறி வந்தவர்கள். கீழ்நாட்டு வெக்கைக்குப் பழகிய உடம்போடு இந்தக் குளிருக்கு வந்தார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். முதுகில் கூடை. இடுப்பைச் சுற்றி ஒரு சாக்கு, ஈரச் செடி தொடையை நனைக்காமல் இருக்க. இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ள வேண்டும். சரிவில் ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. நிறுவைக்கு இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடந்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. எத்தனை கிலோ கொழுந்து என்பதற்குத்தான் கணக்கு இருந்தது.

ரிங்லெட்டில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். துரைமார் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார்.

“துரைக்கு முன்னாடி நாய் வரும் தம்பி. நாயப் பாத்ததும் நிமிந்து நின்னவங்கெல்லாம் குனிஞ்சிருவோம். நல்ல நாய்தான், ஒண்ணும் செய்யாது. ஆனா அது வந்தா பின்னாடி ஆள் வருதுன்னு அர்த்தம்.”

நாயோடு நடப்பது ஒருவருக்குக் காலாற நடப்பது. அதே நாய் இன்னொருவருக்கு மேற்பார்வையின் முன்னறிவிப்பு. அதே சரிவு, அதே நாய், அதே காலைப்பொழுது.

முதுமைக்கு வருவோம். தென்னிந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவர 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் பணம் கட்டுவார்கள். ஆளைக் கொண்டுவரும் செலவு அதிலிருந்து போகும். உழைக்க முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தேதான். ‘இயலாதவர்கள்’ என்ற கணக்கில் அவர்கள் வருவார்கள். அவர்களுக்கென்று ஓர் இல்லமும் அந்த நிதியில் நடந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, 1930களின் தொடக்கத்தில், லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். கேமரன் மலைச் சாலை முடிந்த அதே ஆண்டுகள் அவை. ஒரு பக்கம் ஓய்வுபெறப்போகும் வெள்ளைக்காரரை இந்த நாட்டிலேயே தங்கவைக்க மலையில் சாலை போடுகிறார்கள். இன்னொரு பக்கம் உழைத்து ஓய்ந்த தமிழரை இந்த நாட்டிலிருந்து அனுப்பத் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு கப்பல் நின்றது. வேறொன்று தொடர்ந்தது. தோட்டத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை இருக்கும்வரை வீடு. 1951இல் சட்டமான ஊழியர் சேமநிதி 55 வயதில் பணத்தை எடுக்க வழி செய்தது. அந்த 55தான் ஓய்வு வயது என்றும் பழகிப்போனது. சேமநிதி இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் தினக்கூலியில் பிடித்துச் சேர்த்த பணத்தில் மலையில் ஒரு வீடு வாங்க முடியுமா? அதனால் வீட்டைக் காப்பாற்ற ஒரு பிள்ளை தோட்டத்தில் பேர் பதிய வேண்டியிருந்தது. படிப்பை விட்ட எத்தனையோ பிள்ளைகளின் கதைக்குப் பின்னால் பெற்றோரின் 55ஆவது பிறந்தநாள் இருக்கிறது. பிள்ளை பதியவில்லையென்றால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

பாட்டி இதையும் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். “அம்பத்தஞ்சு ஆச்சு, பேர வெட்டுனாங்க. செடி அப்படியேதான் இருக்கு, நாங்கதான் கெழடாயிட்டோம்.”

உண்மைதான். தேயிலைச் செடி கவாத்து செய்யச் செய்ய நூறாண்டு வாழும். 1930களில் நட்ட செடிகளிலிருந்து இன்றும் கொழுந்து எடுக்கிறார்கள்.

கேமரன் மலையில் நடந்த ஒரே ஒரு முதியவரின் நடை மட்டும் உலகப் புகழ்பெற்றது. தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன், நண்பர்களோடு ஈஸ்டர் விடுமுறைக்கு இங்கே வந்தார். அப்போதுதான் 61 வயது முடிந்திருந்தது. மூன்லைட் பங்களாவில் தங்கினார்கள். காட்டு நடையில் விருப்பமுள்ளவர். முந்தைய நாள்கூட நண்பரோடு காட்டுக்குள் போய் வழி தவறித் திரும்பியிருந்தார். 1967 மார்ச் 26, ஞாயிறு. காலையில் தேவாலயம், பிறகு பிரிஞ்சாங் மலையில் வெளிச்சாப்பாடு. பிற்பகல் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் சிகரெட்டையும் லைட்டரையும் வைத்துவிட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடித் தடம் பார்ப்பவர்கள், உல்லாசப் பயணிகள் என்று பல நூறு பேர் நாட்கணக்கில் தேடினார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. 1974இல் சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள். கடத்தல், உளவு, புலி, லாரி விபத்து என்று ஊகங்கள் புத்தகம் புத்தகமாக வந்தன, இன்னும் வருகின்றன.

ஒரு மனிதர் காணாமல் போனால் ஊரே தேடுவது சரியானதுதான். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதே 1967-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நாட்டில் இன்னொரு வகையில் ஆட்கள் காணாமல் போனார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டப்புறங்களில் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தமிழர்களைக் குலைத்தது. பல்லாயிரம் பேர் அடுத்தடுத்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். வாழ்நாளெல்லாம் உழைத்த முதியவர்களும் அதில் உண்டு. அவர்கள் போன தடத்தை யாரும் தேடவில்லை. அதில் மர்மம் எதுவும் இல்லையே, எதைத் தேடுவது?

இப்போது தோட்டத்தில் நடப்பவர்கள் மாறிவிட்டார்கள். கைக்கொழுந்து போய்க் கத்தரி வந்தது, பிறகு இருவர் பிடிக்கும் இயந்திரம் வந்தது. அதைப் பிடிப்பவர்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் அதிகம். இவர்களுக்கு இந்த மலையில் முதுமை என்ற ஒன்றே கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் விமானம். கப்பலுக்குப் பதில் விமானம், அவ்வளவுதான். 2013 முதல் நடைமுறைக்கு வந்த 60 வயது ஓய்வுச் சட்டம் அவர்களின் வாழ்க்கையைத் தொடாது.

நடப்பவர்கள் இன்னொரு வகையிலும் மாறியிருக்கிறார்கள். ஜாசார் மலைப் பாதையில் ஒருமுறை ஐந்தாறு தமிழர்களைப் பார்த்தேன். அறுபதைக் கடந்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும். கையில் ஊன்றுகோல், காலில் அட்டைக் கடிக்கு நீளக் காலுறை, ஒருவர் பையில் நெகிழிப் பெட்டி நிறைய எலுமிச்சைச் சாதம். தானா ராத்தாவிலிருந்தே பின்னால் வந்த ஒரு தெருநாய்க்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று, ஒருவரை ஒருவர் கேலி செய்து, மறுபடி ஏறினார்கள். அவர்களில் ஒருவரின் அம்மா கீழே தெரிந்த சரிவு ஒன்றில் கொழுந்து எடுத்தவராம். “அம்மா ஏறுனாங்க, நானும் ஏறுறேன். எனக்கு நிறுவை இல்ல, அதான் வித்தியாசம்” என்றார்.

இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அவர் ஏற முடிந்ததற்குக் காரணம் யாரோ ஒருவர் வீட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அவரைப் படிக்க விட்டது. பலருக்கு அது நடக்கவில்லை. ஆனாலும் முதுமையில் ஒரு தமிழர் அந்த மலையில் எந்தக் காரணமும் இல்லாமல், நண்பர்களோடு, ஒரு நாயோடு நடப்பது சின்ன விஷயம் இல்லை. மூன்று தலைமுறை பிடித்திருக்கிறது.

காட்டுப் பாதைகளுக்கு எண் இருப்பதால் அவற்றைப் பற்றி எழுத முடிகிறது. தோட்டப் பாதைகளுக்கு இருப்பது அங்கே நடந்தவர்களின் ஞாபகம் மட்டுமே. அவர்களில் கையால் கொழுந்து கிள்ளிய கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயது. ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் தாப்பாவிலும் பிள்ளைகள் வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த மலை, எந்த வரிசை, எந்தக் கங்காணி, எந்த வருஷம் பேர் வெட்டினார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். நான் கேட்ட பாட்டி ஒரே மூச்சில் பன்னிரண்டு சரிவுகளின் பெயரைச் சொன்னார். எல்லாம் தமிழ்ப் பெயர்கள். எந்த வரைபடத்திலும் நான் அவற்றைப் பார்த்ததில்லை.