இஸ்தான்பூலுக்கு வணிகர்கள் திரும்பிய வரலாறு

மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் கான்ஸ்டான்டிநோபிள் வெற்றியைப் போதிக்கும்போது, கப்பல்கள் மேட்டு நிலத்தின் மீது இழுத்துச் செல்லப்பட்டதையும் பெரும் பீரங்கிகள் மதிலைத் தகர்த்ததையும் விரித்துரைக்கிறோம். ஹிஜ்ரி 857, அதாவது 1453 மே 29 என்று எழுதச் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். அதன்பின் அந்நகரம் என்னவாயிற்று என்பதை நாம் சொல்வதில்லை. நம் குடும்பங்களில் பலவும் வணிகத்தை நம்பி வாழ்வன. ஆதலால் நமக்குப் பயன் தரும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருகாலத்தில் பல இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில், முற்றுகையின்போது ஏறத்தாழ 50,000 பேரே எஞ்சியிருந்தனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அவர்களிலும் பலர் கொல்லப்பட்டனர், பலர் சிறைப்பட்டனர், சிலர் தப்பியோடினர். 21 வயதே நிரம்பிய சுல்தான் இரண்டாம் முஹம்மதின் கைக்கு வந்தது வெறிச்சோடிய நகரம். வணிகரும் கைவினைஞரும் இன்றி அது தலைநகராக நிலைக்க முடியாது என்பதை அவர் உணர்ந்தார்.

அவர் முதலில் செய்த ஏற்பாடுகளுள் ஒன்று, எதிர்க்கரையிலிருந்த கலாட்டாவின் ஜெனோவா வணிகர்களுக்குப் பாதுகாப்புப் பத்திரம் வழங்கியது. வெற்றி கிட்டிய சில நாள்களுக்குள்ளேயே அது எழுதப்பட்டது. அவர்களின் உடைமையும் தேவாலயங்களும் அவர்களிடமே இருக்கும். ஜிஸ்யாவும் வழக்கமான சுங்கமும் செலுத்திக் கடலிலும் தரையிலும் வணிகம் செய்யலாம் என்று அது உறுதியளித்தது.

அடுத்து, நகருக்கு வந்து குடியேறுவோருக்கு வீடுகள் இலவசமாகச் சொந்தமாக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. விரும்பி வந்தோர் போதவில்லை. எனவே அனதோலியாவிலிருந்தும் பால்கனிலிருந்தும் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் ஆகிய முச்சமூகத்தாரும் அரசாணையால் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டனர். பிறந்த ஊரை விட்டுப் பிரிய மனமின்றி வந்தோர் அவர்களுள் பலர். இதனை நாம் மறைத்தல் ஆகாது.

இந்நிலையில் ஒரு பெரும் தவறு நேர்ந்தது. இலவசம் என்று கொடுத்த வீடுகளுக்கு அரசு வாடகை கேட்கத் தொடங்கியது. சொந்த ஊரில் சொந்த வீட்டை விட்டு வந்தது இங்கே வாடகை கொடுக்கவா என மக்கள் மனம் கசந்தனர். சிலர் குடும்பத்தையே விட்டுவிட்டு ஓடிப்போயினர். அக்கால வரலாற்றாசிரியர் ஆஷிக் பாஷா ஸாதா இதனைப் பதிவு செய்துள்ளார். முன்னோர் எவரும் வெற்றி கொண்ட நாடுகளில் இவ்வாறு செய்ததில்லை என்று குலா ஷாஹின் என்னும் மூத்த அதிகாரி எடுத்துரைக்க, சுல்தான் வாடகையை நீக்கினார். மக்கள் மீண்டும் பெருகினர். பின்னர் ரூம் முஹம்மது பாஷா வஸீரானபோது வாடகை மறுபடியும் விதிக்கப்பட்டது என்பதையும் அவரே வருத்தத்துடன் எழுதுகிறார்.

வணிகர்க்கு வீடு மட்டும் போதாது. சரக்குக்குக் காவலும் தேவை. 1455-56 குளிர்காலத்தில் பெதஸ்தான் எனப்படும் கற்சந்தையின் கட்டுமானம் தொடங்கியது. 15 குவிமாடங்களும் உறுதியான கதவுகளும் கொண்ட அக்கட்டடத்தில் பட்டு, நகை போன்ற விலையுயர்ந்த பொருள்கள் காவலுடன் வைக்கப்பட்டன. அதன் வாடகை வருவாய் அயா ஸோஃபியா பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்டது. இன்று உலகோர் கண்டு வியக்கும் பெருஞ்சந்தை அதனைச் சுற்றியே வளர்ந்தது.

1459-இல் சுல்தான் தம் பிரமுகர்களை அழைத்து, ஒவ்வொருவரும் நகரில் ஓரிடத்தைத் தேர்ந்து கட்டடங்கள் எழுப்புமாறு பணித்தார். மஹ்மூத் பாஷா போன்றோர் பள்ளிவாசல், மத்ரஸா, குளியலகம், வணிகர் விடுதி, கடைகள் ஆகியவற்றை ஒருங்கே அமைத்தனர். கடை வாடகை மத்ரஸாவை நடத்தியது. தொழுகைக்கும் கல்விக்கும் வந்தோரால் கடைகள் செழித்தன. நம் ஊர்ப் பள்ளிவாசல்களை ஒட்டி வக்ஃபு கடைகள் இருப்பதும் இம்முறையைச் சார்ந்ததே.

1477-இல் நகரின் காழி எடுத்த கணக்கில் கலாட்டாவையும் சேர்த்து 16,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. கடைகள் 3,500-ஐத் தாண்டின. வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முஸ்லிம்களுடையவை. ஏனையவை கிறிஸ்தவர், யூதர் முதலியோருடையவை.

ஆணையிட்டு மக்களைக் கொண்டுவர முடிந்த பேரரசராலும், வாக்கு மாறியபோது அவர்களை இருத்திவைக்க முடியவில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்-மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே நம்மைப் பணிக்கிறது. அக்கட்டளை அரசருக்கு மட்டும் உரியதன்று. வக்ஃபு கடையை வாடகைக்கு விடும் ஜமாஅத்துக்கும், கூட்டாளியோடு கணக்கு முடிக்கும் வணிகருக்கும், கூலி பேசி ஆளமர்த்தும் முதலாளிக்கும் உரியது. இனி மத்ரஸாவில் அவ்வெற்றியைப் போதிக்கும்போது, வாடகை நீக்கப்பட்ட அந்த நாளையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

அல்லாஹ் நம் வாக்கிலும் வணிகத்திலும் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.