களமும் கவனமும்: வன்னியின் உழைப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வேலையில் மனம் ஊன்றாமை இன்று பரவலாகப் பேசப்படும் ஒரு குறையாகும். கைத்தொலைபேசியின் ஓயாத அழைப்புக்களே அதற்குக் காரணம் என்றும், மனவுறுதியே அதற்கு மருந்து என்றும் கூறுவர். கவனத்தைத் தனிமனிதரின் ஒழுக்கமாக மட்டும் கொள்ளும் இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய, வன்னிப் பெருநிலப்பரப்பின் உழைப்பு வரலாறு துணைபுரிகின்றது.

குளமும் வயலும் காடும் அடுத்தடுத்து அமைந்த நிலம் வன்னி. விதைப்பு முதல் அறுவடை வரை பகலில் குருவிகளையும், இரவில் பன்றிகளையும் யானைகளையும் விரட்டியாகவேண்டியிருந்தது. குருவிச் சிந்து, பன்றிப் பள்ளு முதலிய நாட்டார் பாடல்கள் இப்பகுதியில் எழுந்தமை தற்செயலன்று. பரணிலும் காவற்கொட்டிலிலும் சிலர் முறைவைத்து விழித்திருந்தமையாலேயே ஏனையோர் கவலையின்றி உறங்கவும் மறுநாள் உழைக்கவும் இயன்றது. விழிப்பு என்பது ஊரவர் தம்முள் பகிர்ந்துகொண்ட ஒரு பொறுப்பாக இருந்தது.

சூடு மிதிக்கும் களத்தில் இவ்வொழுங்கு மேலும் தெளிவாகப் புலப்படுகின்றது. களத்தினுள் அன்றாடச் சொற்கள் சில விலக்கப்பட்டு, அவற்றுக்கெனத் தனிச்சொற்கள் வழங்கின. நெல்லைப் ‘பொலி’ என்றனர். மட்டக்களப்புக் களங்களில் கடகத்தைப் ‘பெருவாயன்’ என்றனர். வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை 1895இல் வெளியிட்ட ஆங்கில நிருவாகி ஜே. பி. லூயிஸ், அதற்கு முன்னரே இக்களமொழி பற்றித் தனிக்கட்டுரை எழுதியுள்ளார். பூதங்கள் நெல்லைக் கவர்ந்துவிடும் என்ற அச்சமே இவ்வழக்காற்றின் அடிப்படை என்பர். நம்பிக்கை எதுவாயினும், அதன் விளைவு நோக்கற்பாலது. களத்தினுள் கால்வைத்தவர் பேச்சையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தமையால், வேலைக்கும் வெளியுலகுக்கும் இடையே ஓர் எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லையை அனைவரும் ஒருங்கே பேணினர்.

கருவிகள் இல்லாத காலமே கவனம் மிகுந்த காலம் என்று இதனாற் கொள்ளலாகாது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி மின்சாரமும் தொலைபேசியும் இன்றி வாழ்ந்தது. மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தடை இருந்தது. மாணவர் குப்பி விளக்கொளியிற் படித்தனர். ஆயினும் அது அமைதி அன்று. வானில் விமான இரைச்சல் எழுந்தபோதெல்லாம் ஏட்டையும் ஏரையும் விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடவேண்டியிருந்தது. அதே காலத்தில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலியை இயக்கி, இரவில் பி.பி.சி. தமிழோசையைப் பலர் கூடிக் கேட்டனர். செய்தியை நாடி மக்கள் குறித்த வேளையிற் சென்றனர். விமானமோ தன் விருப்பப்படி அவர்களைக் கலைத்தது. ஆகவே, கவனத்தைத் தீர்மானிப்பது கருவியின் இருப்பு அன்று, ஒருவரை வேலையிலிருந்து அழைக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே எனலாம்.

2009இல் போர் முடிந்தபின் கைத்தொலைபேசி வலையமைப்புக்கள் வன்னியெங்கும் விரைந்து பரவின. பிற இடங்களிற் படிப்படியாக நிகழ்ந்த மாற்றம் இங்கு ஒருசில ஆண்டுகளில் நிகழ்ந்தது. கணினித் திரையில் ஒன்றன்மீது கவனம் நிலைக்கும் நேரம் 2004இல் சராசரி இரண்டரை நிமிடமாக இருந்து, பின்னர் ஏறக்குறைய 47 வினாடியாகக் குறைந்ததென அமெரிக்க ஆய்வாளர் குளோரியா மார்க் கண்டறிந்துள்ளார். எனினும், ‘தொலைபேசியை அணைத்துவிடுக’ என்னும் அறிவுரை வன்னியில் எளிதிற் செல்லாது. ரொறன்ரோவில் இரவு பத்து மணியாகும்போது இங்கு காலை ஏழரை அல்லது எட்டரை மணி. புலம்பெயர்ந்த பிள்ளையின் குரல் தாய்க்கு எட்டும் வேளையும் அலுவலகமும் வயலும் தொடங்கும் வேளையும் ஒன்றாகவே அமைகின்றன. சிதறிய குடும்பங்களை இணைக்கும் அவ்வழைப்பை வெறும் இடையூறென ஒதுக்குதல் தகாது.

பிரான்சில் 2017 முதல் 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு அப்பால் ஊழியர் தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமை பற்றி அவர்களுடன் பேசவேண்டும் எனச் சட்டம் விதிக்கின்றது. அங்கு வேலையின் அழைப்பிலிருந்து இல்லம் காக்கப்படுகின்றது; இங்கு வேலையையும் காக்கவேண்டியுள்ளது. இரண்டிலும் எல்லையை வகுப்பது கூட்டு உடன்பாடே. எந்த வேளையில் யார் அழைக்கலாம், எல்லோருக்கும் பொதுவாக யார் தொலைபேசியைக் கவனிப்பார் என்பவற்றை அலுவலகத்தாரும் குடும்பத்தாரும் கலந்து முடிவுசெய்தல் இயலாததன்று. இரவுக் காவலை முறைவைத்துப் பகிர்ந்த வன்னி மக்களுக்கு அது புதிதும் அன்று.