டவர் இல்லாத மலைக்கு வீட்டிலேயே வழி ஏற்றலாம்! - கையடக்க ஜி.பி.எஸ் ஏ டு இசட்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாக மகாராஜபுரம் வந்து இறங்கினால், கண்ணுக்கு நேரே மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கிருந்து தாணிப்பாறை போய், சதுரகிரி ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் போனில் டவர் ஒவ்வொரு கோடாகக் குறையும். கடைசியில் மேப் வெறும் வெள்ளைக் கட்டமாக நிற்கும். 'கோயில் இன்னும் எவ்வளவு தூரம்?' என்று எதிரே இறங்கி வருகிறவரைக் கேட்டால், 'இந்தா, பக்கம்தான்' என்பார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான்!

இந்த மாதிரி இடத்துக்கென்றே இருக்கிறது கையடக்க ஜி.பி.எஸ். செங்கல்லில் பாதி அளவு, இரண்டு பென் டார்ச் செல் போட்டால் ஓடும், டவர் தேவையில்லை. ஆனால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் கருவிக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து என்ன ஏற்றினீர்களோ, அதைத்தான் மலையில் காட்டும். தப்பாக ஏற்றினால், தப்பான இடத்துக்குத் தைரியமாக வழி காட்டும். எனவே, வேலை முழுக்க வீட்டு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

எல்லாம் ஒரு விளையாட்டில் ஆரம்பித்தது

இந்த ஏற்றுகிற, இறக்குகிற மென்பொருள்களில் பலவற்றை வளர்த்துவிட்டது ஜியோகேஷிங் என்ற புதையல் வேட்டை விளையாட்டு. (இந்த 'கேஷ்' பணம் இல்லீங்க. ஒளித்து வைத்த பொருள் என்று அர்த்தம்.)

2000-ம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. சுமார் நூறு மீட்டர் வரை இடம் தப்பும். மே தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அடுத்த ஓரிரு நாளில், மே 3-ம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் காட்டோரமாக ஒரு வாளியைப் புதைத்துவைத்தார். உள்ளே புத்தகம், உண்டிவில், ஒரு பீன்ஸ் டின் என்று கலந்துகட்டிய சாமான்கள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் போட்டு, 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்றார். கண்டுபிடித்தும் விட்டார்கள். அதே ஆண்டு இந்த விளையாட்டுக்கென்றே ஒரு இணையதளம் வந்தது.

விளையாடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு, இருநூறு இடங்களைக் கருவியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் பொத்தானை அழுத்தி ஏற்றினால் விடிந்துவிடும். அந்தத் தேவைக்கு வந்த மென்பொருள்கள்தான் இன்று மலையேறுகிறவர்களுக்கும் கைகொடுக்கின்றன.

முதலில் நாலு வார்த்தை

* வேபாயின்ட்: ஒரு புள்ளி. பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் சேர்ந்தது. 'தாணிப்பாறை வாசல்' ஒரு வேபாயின்ட்.
* ட்ராக்: நடந்த தடம். நீங்கள் போகப் போகக் கருவி தானாகப் போட்டுக்கொண்டே வரும் கோடு.
* ரூட்: புள்ளிகளை வரிசையாகக் கோத்த மாலை.
* ஜி.பி.எக்ஸ்: இவை மூன்றையும் அடக்கிவைக்கும் ஃபைல் வகை. எந்தக் கம்பெனி கருவியாக இருந்தாலும் பெரும்பாலும் இதைப் புரிந்துகொள்ளும். ஜியோகேஷிங்கில் எல்.ஓ.சி என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் பெயரும் இடமும் மட்டும் இருக்கும். குறிப்பு, விளக்கம் எதுவும் வராது.

எந்த மென்பொருள் எதற்கு?

ஈஸி ஜி.பி.எஸ்: இலவசம், எளிமை. ஃபைலைத் திற, கருவியைத் தேர்ந்தெடு, 'சென்ட்' கொடு, அவ்வளவுதான். முதல் தடவை செய்கிறவர்களுக்கு இது போதும்.

பேஸ்கேம்ப்: கார்மின் கருவி வைத்திருப்பவர்களுக்கு. இதுவும் இலவசம். மேப்பில் புள்ளி எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றலாம்.

ஜி.பி.எஸ் பேபல்: மொழிபெயர்ப்பாளர் மாதிரி. ஒரு வகை ஃபைலை இன்னொரு வகையாக மாற்றித் தரும். பழைய கருவி, வித்தியாசமான ஃபைல் என்று மாட்டிக்கொண்டால் இதைத் தேடுங்கள்.

ஜிசாக்: ஜியோகேஷிங் பைத்தியங்களுக்காகவே எழுதப்பட்டது. ஆயிரக்கணக்கான கேஷ்களைச் சேர்த்துவைத்து, 'நான் இன்னும் கண்டுபிடிக்காதது, இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள், கஷ்டம் குறைவானது' என்றெல்லாம் சலித்து எடுக்கலாம். 2000-களில் வந்த மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் கருவியில் 500 புள்ளிதான் கொள்ளும், பெயருக்கு ஆறே எழுத்து. அந்த ஆறு எழுத்துக்குள் பெயரைப் புத்திசாலித்தனமாகச் சுருக்கிக் கொடுத்ததும் ஜிசாக்கின் பெருமை.

ஏற்றுவது எப்படி? படிப்படியாக...

1. ஜியோகேஷிங் தளத்திலிருந்தோ, ஏற்கெனவே போய்வந்த நண்பரிடமிருந்தோ ஜி.பி.எக்ஸ் ஃபைலை வாங்குங்கள். மொத்தமாகக் கேட்டு வாங்கும் கேஷ் பட்டியல் ஜிப் ஃபைலாக வரும். ஜிசாக் அப்படியே எடுத்துக்கொள்ளும். நேரடியாகக் கருவியில் போடுவதாக இருந்தால், பிரித்த பிறகுதான் போட வேண்டும்.

2. ஃபைல் பெயரின் கடைசியைப் பாருங்கள். போன் வழியாக வரும்போது பின்னால் எக்ஸ்.எம்.எல் என்று ஒட்டிக்கொள்வது உண்டு. அதை நீக்கி, ஜி.பி.எக்ஸ் என்று முடியும்படி மாற்றுங்கள்.

3. மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு புள்ளியும் மேப்பில் சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தாண்டிப் போகாதீர்கள்.

4. பெயர்களைச் சுருக்கமாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 01, 02 என்று வரிசை எண்ணோடு ஆரம்பித்தால் பட்டியலும் நடக்கிற வரிசையில் நிற்கும். ஒரே பெயரை இரண்டு புள்ளிக்கு வைக்காதீர்கள். பழைய கருவிகளில் பின்னால் வருவது முன்னால் இருப்பதை அழித்துவிடும்.

5. கேபிளில் இணையுங்கள். கருவி கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? உடனே கருவியைத் திட்டாதீர்கள். சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான், டேட்டா போகாது. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

6. 'சென்ட்' அல்லது 'டிரான்ஸ்ஃபர்' கொடுங்கள. பென் டிரைவ் போலத் திறக்கும் கார்மின் கருவி என்றால், மென்பொருள் இல்லாமலும் வேலை நடக்கும். 'கார்மின்' ஃபோல்டருக்குள் 'ஜி.பி.எக்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஃபைலைக் காப்பி செய்தால் போதும்.

7. 'எஜெக்ட்' கொடுத்துவிட்டே கேபிளை எடுங்கள். பிறகு கருவியை ஆன் செய்து, பட்டியலில் புள்ளிகள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஜியோகேஷ் என்று குறிக்கப்பட்ட ஃபைல் சில கருவிகளில் வேபாயின்ட் பட்டியலில் இருக்காது; தனியாக 'ஜியோகேஷ்' மெனுவில் இருக்கும். காணோமே என்று பதறாதீர்கள்.

ஒரு புள்ளி தப்பினால் 28 கிலோமீட்டர்!

பெரும்பாலானவர்கள் சறுக்குவது எண்ணை எழுதும் விதத்தில்தான். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். வத்திராயிருப்புப் பக்கம் ஓர் அட்சரேகையை எடுத்துக்கொள்வோம்:

* டிகிரி மட்டும்: 9.64000°
* டிகிரி, நிமிடம்: 9° 38.400'
* டிகிரி, நிமிடம், விநாடி: 9° 38' 24"

மூன்றும் ஒன்றுதான். ஜியோகேஷிங்கில் நடுவில் உள்ளதைப் பயன்படுத்துவார்கள். போன் மேப்பில் பெரும்பாலும் முதலாவது. இப்போது, 9° 38.400' என்பதை ஒருவர் 9.384° என்று அடித்துவிட்டார் என்று வையுங்கள். புள்ளி சுமார் 28 கிலோமீட்டர் தெற்கே, ராஜபாளையத்தையும் தாண்டிப் போய் விழும். இதுகூடப் பரவாயில்லை, பார்த்ததுமே தப்பு தெரிந்துவிடும். அதே எண்ணை 38 நிமிடம் 40 விநாடி என்று படித்தால், தப்பு அரை கிலோமீட்டர்தான். மேப்பில் 'அட, சரியாத்தானே இருக்கு' என்று தோன்றும். மலையில் அரை கிலோமீட்டர் என்றால் அடுத்த ஓடைக்கு அந்தப் பக்கம்! சின்னத் தப்புதான் பெரிய ஆபத்து.

இந்த வட்டாரத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வடக்கு 9, கிழக்கு 77 என்றுதான் எண்கள் தொடங்க வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி அடித்தால், வட துருவத்துக்குப் பக்கத்துக் கடலில் புள்ளி நிற்கும்.

இன்னொரு அமைப்பு 'மேப் டேட்டம்'. இது டபிள்யூ.ஜி.எஸ் 84 என்று இருக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற வேறு அளவுமுறையில் தயாரானவை. அதிலிருந்து எண்ணை எடுத்து அப்படியே ஏற்றினால், நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும்.

சதுரகிரிக்கு என்ன ஏற்றலாம்?

ஆடி அமாவாசை அன்று ஜி.பி.எஸ்ஸே வேண்டாம், முன்னால் போகிறவர் முதுகுதான் வழிகாட்டி. கூட்டம் குறைந்த நாட்களில்தான் இது உதவும். தாணிப்பாறை, வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, நாவல் ஊற்று, பச்சரிசிப்பாறை, பிலாவடிக் கருப்பு, சுந்தர மகாலிங்கம் என்று பாதையில் எல்லோருக்கும் தெரிந்த இடங்களையே வேபாயின்ட்டாக வையுங்கள். அங்கே இருக்கும் பெரியவர் 'பசுக்கிடை தாண்டிட்டீங்களா தம்பி?' என்று கேட்டால், கருவியில் இருக்கும் பெயரும் அவர் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்கும்.

ஓடையைக் கடக்கும் இடங்களைத் தனி அடையாளத்தோடு குறியுங்கள். இது அலங்காரத்துக்கு இல்லை. 2015 மே மாதம் இந்த மலையில் திடீரென்று பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேலே மழை இருட்டும்போது, 'எனக்கும் தாணிப்பாறைக்கும் நடுவே இன்னும் எத்தனை ஓடை?' என்ற கேள்விக்குக் கையில் பதில் இருக்க வேண்டும். பதில் 'இருக்கிறது' என்றால், மேட்டில் பாதுகாப்பாக நில்லுங்கள். தண்ணீர் வடியுமா, கடக்கலாமா என்பதைக் கருவி சொல்லாது.

கருவி காட்டும் தூரம் காக்கை பறக்கிற தூரம். 'இன்னும் 300 மீட்டர்' என்று அம்புக்குறி காட்டுகிறதே என்று பாதையை விட்டு நேராக இறங்காதீர்கள். நடுவில் பள்ளம் இருக்கும். ஏறும்போதே ட்ராக் பதிவை ஆன் செய்துவிட்டால், இறங்கும்போது அந்தக் கோட்டின் மேலேயே திரும்பி வரலாம். எட்டு கிலோமீட்டரா, பத்து கிலோமீட்டரா என்ற பஞ்சாயத்தும் அத்தோடு தீர்ந்தது.

காட்டுக்குள் டப்பா வேண்டாம்!

சதுரகிரி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021-ல் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. வனத்துறை அனுமதிக்கும் நாள், நேரம், பாதை மூன்றையும் தாண்டக் கூடாது. புதையல் டப்பாவை இங்கே ஒளித்துவைக்கவே கூடாது. குரங்கு பிய்த்துப் போடும், பிளாஸ்டிக் காட்டில் கிடக்கும், தேடி வருகிறவரும் பாதையை விட்டு விலகுவார். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது ஜியோகேஷிங்கின் விதியும்கூட.

விளையாட ஆசையா? கீழே ஊரிலேயே விளையாடுங்கள். மகாராஜபுரம் பஸ் ஸ்டாப், டீக்கடை, கண்மாய்க் கரை, கோயில் வாசல், உங்கள் சொந்தத் தோப்பு என்று ஐந்து புள்ளிகளை ஏற்றி, விடுமுறைக்கு வந்த பிள்ளைகளிடம் கருவியைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். திறந்த வெளியில் கருவி ஐந்து மீட்டர் சுற்றளவுக்குள் கொண்டுபோய் விடும். மரமும் பாறையும் அடர்ந்த இடத்தில் இருபது, முப்பது மீட்டர்கூடத் தப்பும். அந்தக் கடைசிப் பத்தடிக்குக் கண்தான் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். மலையேறும் முன் உங்களுக்கும் அதுதான் ஒத்திகை.

கருவி வாங்க வசதி இல்லையே?

போனில் உள்ள ஜி.பி.எஸ்ஸும் டவர் இல்லாமல் வேலை செய்யும். வராதது மேப் மட்டும்தான். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் தமிழ்நாட்டு மேப்பை வீட்டு வைஃபையில் இறக்கி, அதே ஜி.பி.எக்ஸ் ஃபைலை அதில் திறக்கலாம். குறை ஒன்றுதான்: பேட்டரி. ஏரோபிளேன் மோடில் போட்டால் கூடுதலாகத் தாங்கும். வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கி வரச் சொல்கிறவர்கள் கவனிக்க: சாட்டிலைட் வழியே மெசேஜ் அனுப்பும் வகை வேண்டாம். அதற்கு இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தேவை.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

* புள்ளிகள் எல்லாம் 9, 77 என்று தொடங்குகின்றனவா?
* டேட்டம் டபிள்யூ.ஜி.எஸ் 84-ல் இருக்கிறதா?
* மாற்று செல் பையில் இருக்கிறதா?
* பல நாள் கழித்து ஆன் செய்கிறீர்களா? திறந்த வெளியில் கால் மணி நேரம் வையுங்கள்; சாட்டிலைட்டைப் பிடித்துக்கொள்ளும்.
* எப்போது திரும்புவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லியாயிற்றா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் மென்பொருள் கிடையாது. மகாராஜபுரத்தில் ஆட்டோ ஏறும்போதே வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் டவரை நம்ப வேண்டாம்.