கொரிந்தின் நடுவர் மேடை

ஏதென்சிலிருந்து பிள்ளைகளுடன் காரில் புறப்பட்ட நாம், 1893-இல் திறக்கப்பட்ட கால்வாயைப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பழைய கொரிந்தை அடைந்தோம். கி.மு. 146-இல் உரோமையர் அழித்து, கி.மு. 44-இல் யூலியு சீசர் மீண்டும் நிறுவிய நகர் இது. அப்பொல்லோ கோவிலில் எஞ்சிய ஏழு தூண்களை எண்ணி முடித்ததும் பிள்ளைகள் நிழல் தேடினர்.

சந்தைத் திடலிலே ஒரு கல்மேடை. ஆளுநர் கல்லியோ முன் புனித பவுல் நிறுத்தப்பட்டது இங்கேதான் என்பர். டெல்பிக் கல்வெட்டு ஒன்று கல்லியோவின் பதவிக்காலத்தைக் கி.பி. 51-ஐ ஒட்டிக் குறிக்கிறது. பவுலின் வாழ்வுக்கு இத்துணை உறுதியான காலக்கணக்கு வேறில்லை.

அவ்வழக்கைக் கல்லியோ தள்ளிவிட்டார். ஆனால் அவர் கண்ணெதிரிலேயே சொஸ்தேனை அடித்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

"நடுவர் ஏன் தடுக்கவில்லை?" என்றாள் இளையவள். தமக்குரிய வழக்கன்று என அவர் எண்ணியிருக்கலாம் என்றோம். அவள் அதை ஏற்கவில்லை.