அக்கா பிறந்த நேரம்

அப்பாவின் கணக்கு நோட்டில் ஒரு வரி உண்டு: "23-7-43, வெள்ளி, காலை 6.10, பெண்." கும்பகோணத்தில் பிறந்த என் அக்காதான் அது. பல வருஷம் கழித்துக் கல்யாணப் பேச்சு வந்தபோது, அந்த வரியை வைத்துத்தான் ஜாதகம் கணித்தார்கள். ஆடி வெள்ளி, சூரியன் உதித்த பிறகு ஜனனம், கடக லக்னம். அம்மா மட்டும், "நல்ல இருட்டுடா, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துலதான் பொறந்தா" என்பாள். பிரசவ மயக்கம் என்று நாங்கள் சிரிப்போம்.

ரிட்டயர் ஆன பிறகு, 2011-இல், பொழுதுபோக்காக ஜாவாவில் ஒரு ஜாதக புரோகிராம் எழுதினேன். ஜாவாவின் பழைய காலண்டரில் ஜனவரி 0-வது மாதம், டிசம்பர் 11-வது! அந்தக் கூத்து தாங்காமல், ஸ்டீபன் கோல்போர்ன் உருவாக்கிய ஜோடா-டைம் என்ற இலவச லைப்ரரிக்கு மாறினேன். (அதன் அனுபவத்தில் பிறந்ததுதான் 2014-இல் ஜாவா 8-உடன் வந்த புதிய தேதி-நேர ஏற்பாடு. அதையும் முன்நின்று செய்தவர் அவரே.) அக்காவின் நேரத்தைக் கொடுத்தேன். கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால் என்றது. இந்தியாவுக்கு ஐந்தரை அல்லவா? பெரிய தப்பைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், திருத்தச் சொல்லி ஒரு புகார்க் கடிதமே தயார் செய்தேன்.

அனுப்பும் முன் மூலத்தைப் பார்ப்போமே என்று தோன்றியது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதுதானே இதில் விசேஷம். அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கி, பால் எக்கர்ட் போன்றவர்கள் சேர்ந்து வளர்த்த நேரத் தொகுப்பு அது. எந்த நாடு எந்த நாளில் கடிகாரத்தைத் திருப்பியது என்று வரி வரியாக எழுதிய சாதாரணக் கோப்பு. இப்போது அதில் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று நம் பழைய மெட்ராஸ் நேரம்கூட இருக்கிறது. இந்தியாவுக்கு நேரே, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை ஒரு மணி கூடுதல் என்று கண்டிருந்தது. யுத்த கால நேரம்!

அப்பா கடிகாரத்தைப் பார்த்து எழுதிய 6.10, இன்றைய கணக்கில் 5.10. அந்த மாதம் கும்பகோணத்தில் சூரியன் உதிப்பது சுமார் 6 மணிக்கு. அம்மா சொன்ன இருட்டு நிஜம். லக்னம் மிதுனம். பஞ்சாங்கத்தில் உதயத்துக்கு முன் முந்தைய நாள்தான் என்பதால், கிழமையும் வியாழன்.

புகாரைக் கிழித்துப் போட்டேன். அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு செய்தி. ஜோதிட மென்பொருள் விற்கும் ஆஸ்ட்ரோலேப் என்ற நிறுவனம், தங்கள் அட்லஸிலிருந்து விவரங்களை எடுத்துவிட்டார்கள் என்று ஓல்சன், எக்கர்ட் இருவர் மேலும் வழக்குப் போட்டது. தொகுப்பே சில நாள் முடங்கியது. பிறகு ஐகான் அமைப்பு பொறுப்பேற்றது. 2012 பிப்ரவரியில் வழக்கு வாபஸ். சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை!

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றாள்.