கூடை இறக்கிய பின்: கேமரன் மலைத் தோட்டங்களில் முதுமைக் காப்பு

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த சிற்றூர் பிரிஞ்சாங். அவ்வூரிலிருந்து மேலேறும் குறுகிய சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தை அடைகிறது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அச்சரிவுகளைக் கண்டு மகிழாத பயணி இல்லை. தேயிலை அம்மலைக்கு வந்த கதையும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் கொழுந்து கொய்த கைகள் தளர்ந்து, முதுகிலிருந்த கூடையை இறக்கிய பின்னர், அந்தத் தொழிலாளர் எதைக் கொண்டு உண்டார், எவர் கூரையின்கீழ் உறங்கினார், நோயுற்றபோது எங்குச் சென்றார் என்னும் வினாக்கள் அக்கதையில் இடம்பெறுவது அரிது. அரசாங்கம் எளிய முதியோர்க்கு அளிக்கும் உதவியின் வரலாற்றை இம்மலையிலிருந்து நோக்கினால், நகரத்திலிருந்து நோக்குவோர்க்குப் புலப்படாத சில உண்மைகள் புலப்படும்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார். எனினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைப் பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவருடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செங்குத்தான சரிவுகளில் நாற்று நட்ட உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. தோட்டம் தொடங்கிய காலமோ உலகப் பொருளாதார மந்தம் தலைகாட்டிய காலம். சமவெளியில் இரப்பர்த் தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்து, பல்லாயிரம் தமிழரை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றிக்கொண்டிருந்தன.

அக்கப்பற் பயணங்களுக்குப் பணம் கொடுத்த நிதியின் பெயரைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தமிழர் குடியேற்ற நிதியே அது. பின்னர் இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் மாறியது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளிடமிருந்து, அத்தொழிலாளர் உழைத்த நாட்கணக்குப்படி வரி தண்டப்பட்டது. ஆள்சேர்க்கச் செல்லும் கங்காணியின் செலவும், புதிதாய் வருவோரின் கப்பற் கட்டணமும் அந்நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டன. முதுமையாலும் நோயாலும் உழைக்க இயலாதவர்களைத் திருப்பி அனுப்பும் செலவும் அதே பெட்டியிலிருந்துதான் சென்றது. வருகைக்கும் வழியனுப்புக்கும் ஒரே நிதி! கணக்கெழுதுவோர்க்கு இது எளிமை. தொழிலாளிக்கு இதன் பொருள் வேறு.

அதே பேரரசின் தலைநகரில் அப்போது நிகழ்ந்ததை ஈண்டு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1908இல் பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. 1909 ஜனவரி முதல் நாள் தொடங்கி, எழுபது வயது கடந்த ஏழை முதியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கப்பட்டது. அச்சட்டமும் முற்றும் தாராளமானதன்று. இருபது ஆண்டுகள் பிரிட்டிஷ் குடிமகனாய் இருந்திருத்தல் வேண்டும், உழைக்கத் தக்கவனாயிருந்தும் உழையாது திரிந்தவனாய் இருத்தலாகாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. ஆயினும், தேசம் தன் முதியோரைத் தாங்கும் கடமையுடையது என்னும் கருத்து அங்கே சட்டமாயிற்று. மலாயாவிலோ ஏறத்தாழ அதே ஆண்டில், முதுமை தொழிலாளியின் சொந்த ஊரைச் சார்ந்தது என்னும் கருத்து நிதியாய் வடிவெடுத்தது. பிள்ளைப் பருவத்தில் அவனை வளர்த்த செலவு தமிழகத்துச் சிற்றூருடையது. தளர்ந்த பருவத்தில் அவனைத் தாங்கும் செலவும் அவ்வூருக்கே. இடைப்பட்ட வலிய ஆண்டுகள் மட்டும் தோட்டத்துக்கு. இத்துணை மலிவான உழைப்பு உலகில் வேறெங்கும் கிடைத்திராது எனலாம்.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. அதன்பின் புதிய ஆள்வரவு சுருங்கிற்று. இருந்தோர் குடும்பமாய் வேரூன்றினர். லயங்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் திருச்சியும் சேலமும் பெற்றோர் வாய்வழிக் கேட்ட பெயர்களேயன்றிக் கண்ட ஊர்களல்ல. திரும்பிச் செல்ல ஊரில்லாத முதியோர் தோன்றியபோது, கப்பற்சீட்டு என்னும் தீர்வு பொருளற்றதாயிற்று.

அடுத்து வந்தது சேமநிதி. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதி நிறுவப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 எனச் செலுத்தினர். உலகின் பழமையான சேமநிதிகளுள் ஒன்றென இது போற்றப்படுவது பொருத்தமே. தோட்டத் தொழிலாளியின் பெயரில் ஒரு கணக்கு, அதில் அவன் காசு, ஆண்டுதோறும் இலாப ஈவு என்பவை அக்காலத்தில் புதுமையும் பெருமையும் ஆகும். ஆயினும் அதன் உள்ளமைப்பைச் சற்று ஆராய்தல் வேண்டும். சேமநிதி ஓய்வூதியமன்று, கூலியின் ஒரு பகுதியை முதுமைக்கென ஒத்திவைப்பதே அது. கூலி எவ்வளவோ, முதுமையும் அவ்வளவே. எடுத்துக்காட்டாக, மாதம் 100 வெள்ளி ஈட்டிய ஒருவரின் கணக்கில் மாதம் 10 வெள்ளி சேரும். கூலி உயரவில்லை எனக் கொண்டால், 25 ஆண்டுகளில் அது 3,000 வெள்ளி. இலாப ஈவு சேர்ந்து அத்தொகை இரட்டித்தாலும், பழைய கூலியளவே செலவிட்டு வாழ்ந்தால் 60 மாதங்களில் தீரும். 55 வயதில் எடுத்தவர் 60 வயதில் வெறுங்கையராவார். கொய்த கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி பெற்றவரின் சேமிப்பு, மழை பெய்து கொழுந்து தளிர்த்த மாதத்தில் ஏறும். உடல் நலிந்த மாதத்தில் இறங்கும். கணக்கே தொடங்கப்படாத நாட்கூலியாளர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

மொத்தமாய்க் கைக்கு வந்த அத்தொகை பெரும்பாலும் மகளின் திருமணத்துக்கும், மகனின் படிப்புக்கும், வீட்டு முன்பணத்துக்கும் சென்றது. இதனைத் தொழிலாளரின் அறியாமை எனக் கூறுவோர் உளர். பிள்ளைகளை நிலைநிறுத்துவதே தம் முதுமைக்குச் செய்யும் முதலீடு எனக் கருதிய தலைமுறைக்கு அது கண்கூடான விவேகம் என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

வீட்டின் நிலை இதனினும் கடுமையானது. 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், தோட்டத்து வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. அச்சட்டம் வேலையிலிருப்போர்க்கே உரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சமவெளித் தோட்டத்தில் ஓய்வுபெற்றவர் அருகிலுள்ள புறம்போக்கிலோ பட்டணத்து ஓரத்திலோ குடிசை போட்டுக்கொள்ள இயன்றது. மலையிலோ சமமான நிலமே அரிது. இருந்ததும் காய்கறித் தோட்டத்துக்கும் விடுதிக்கும் போயிற்று. பிரிஞ்சாங்கில் வாடகை கொடுத்துக் குடியிருக்க ஓய்வுபெற்ற கொழுந்துக்காரரால் எங்ஙனம் இயலும்? பிள்ளைகளுள் ஒருவர் தோட்டத்து வேலையைத் தொடர்ந்தால் அவ்வீட்டில் பெற்றோரும் ஒண்டியிருப்பர். பிள்ளை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ வேலை தேடிச் சென்றால், முதியோரும் மலையிறங்க வேண்டியதே. குளிர்ச்சியும் சாரலும் பழகிய உடம்புகள் அடுக்குமாடியின் வெக்கையில் தம் இறுதி நாட்களைக் கழித்தன.

அரசாங்க உதவிக்கு மற்றொரு வாயிலும் கடக்க வேண்டியிருந்தது. அது குடியுரிமை. 1957 ஆகஸ்டு 31க்குப் பின்னர் இந்நாட்டில் வாழ்ந்தோர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழியிருந்தது. முதலாண்டுக்குள் விண்ணப்பித்தோர்க்கு மலாய்மொழித் தேர்வும் விலக்கப்பட்டிருந்தது. அந்த ஓராண்டின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துரைத்தோர் மிகச் சிலர். எழுத்தறியாதார், பிறப்புச் சான்று இல்லாதார், 'இதெல்லாம் எதற்கு, வேலைதான் இருக்கிறதே' என்றிருந்தார் எனப் பலர் தவறவிட்டனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமகன் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என விதித்தபோதுதான் அத்தவற்றின் விலை தெரிந்தது. 1969க்குப் பின் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். தங்கியவர்களுள் ஒரு சாரார் சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமை எய்தினர். இந்நாட்டில் அறுபதாண்டு வாழ்ந்தும், குடிமக்களுக்கென வகுக்கப்பட்ட உதவித்தொகைகள் அவர்களுக்கு எட்டாதன ஆயின. 2018இல்தான் 60 வயது கடந்த இந்தியச் சிவப்பு அட்டையாளர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. முதலாண்டு வாய்ப்பு மூடியபோது இருபது வயதாயிருந்த ஒருவருக்கு அவ்வறிவிப்பின்போது வயது எண்பது.

உதவித்தொகை வழங்கும் சமூகநல இலாகா 1946இல் தோன்றியது. இன்று அது, 60 வயது நிறைந்து, தாங்குவோர் இன்றியும் போதிய வருமானம் இன்றியும் வாழும் குடிமக்களுக்கு மாதந்தோறும் முதியோர் உதவித்தொகை அளிக்கிறது. 2018இல் 350 வெள்ளியாயிருந்த அத்தொகை, 2021இல் 500 ஆகவும், 2025இல் 600 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதே 2025இல் குறைந்தபட்சக் கூலி 1,700 வெள்ளியாயிற்று. தமிழகத்திலும் 1962 முதல் ஆதரவற்ற முதியோர்க்கு உதவித்தொகை உண்டு. தொடக்கத்தில் மாதம் 20 ரூபாய், 2023 முதல் 1,200 ரூபாய். ஆதரவற்றோர் என மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் நிபந்தனை ஈரிடத்தும் பொது. உழைக்கும் பிள்ளைகள் உள்ள தாய், தான் கைவிடப்பட்டதை அதிகாரி முன் சொல்லியாக வேண்டும். மானம் பெரிதென வாழ்ந்த தோட்டத்துப் பாட்டிமார் பலருக்கு விண்ணப்பப் படிவத்தைவிட இச்சொல்லே கடினமாயிருக்கும். 2012இல் தொடங்கிய பிரிம் உதவியும், அதன் வழிவந்து 2023 முதல் ரஹ்மா என்னும் பெயரால் வழங்கப்படும் ரொக்க உதவியும் வருமானத்தை அளவாகக் கொள்வதால், இவ்வகையில் மேலானவை எனலாம்.

மருத்துவத்தில் நிலைமை பெரிதும் மேம்பட்டுள்ளது. ஒருகாலத்தில் தோட்டத்து டிரசரே வைத்தியர். காய்ச்சலுக்கும் அட்டைக்கடிக்கும் பேறுகாலத்துக்கும் அவர் ஒருவரே. வேலையிலிருந்து நின்றவர்க்கு அம்மருந்தும் உரிமையாகாது. இன்று தானா ராத்தாவில் அரசாங்க மருத்துவமனை உண்டு. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் செலுத்தும் 1 வெள்ளிக் கட்டணமும் 60 வயது கடந்தோர்க்கு விலக்கப்பட்டுள்ளது. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், குறைந்த வருமானத்தார்க்கு இலவச உடற்பரிசோதனையும், அரசாங்க மருத்துவமனையில் பொருத்தப்படும் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் அளிக்கிறது. அத்திட்டத்தின் போக்குவரத்து உதவி தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை. நகரத்தார்க்கு அது சிறு சலுகை. சரிவில் ஏறியிறங்கி முழங்கால் தேய்ந்த மலைவாசிக்கு, வளைவுகள் நிறைந்த சாலையில் ஈப்போ வரை சென்று சிறப்பு மருத்துவரைக் காண்பதற்கு அதுவே இன்றியமையாத பகுதி.

பழைய குடியேற்ற நிதி என்னவாயிற்று? 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டு, தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டது. 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்நிதி கலைக்கப்பட்டு, அதன் சொத்துகள் அரசாங்கத்தைச் சேர்ந்தன. தமிழன் உழைத்த நாளை எண்ணிச் சேர்த்த பணம், அவன் பெயர் தாங்கிய கணக்காக அதன்பின் இல்லை.

பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த சரிவுகளில் இன்று கொழுந்து எடுப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் சேமநிதி கட்டாயமாக்கப்பட்டது: தொழிலாளி நூற்றுக்கு 2, முதலாளி நூற்றுக்கு 2. நாட்டைவிட்டுப் புறப்படும்போது அத்தொகையை அவர்கள் எடுத்துச் செல்லலாம்.